ஆக்னர் கிராரப் எர்லாங்

ஆக்னர் கிராரப் எர்லாங் (சனவரி 1, 1878 – பெப்ரவரி 3, 1929) டென்மார்க்கைச் சேர்ந்த கணிதவியலாளரும் புள்ளியியலாளரும் பொறியாளரும் ஆவார். தொலைபேசி இணைப்பகங்களில் அழைப்புகள் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரிடும், எத்தனை அழைப்புகள் இணைப்புக் கிடைக்காமல் திரும்பும் என்பவற்றை நிகழ்தகவின் துணைகொண்டு கணக்கிடும் வழிகளை இவர் வகுத்தார். இதன் வழியே வரிசைக் கோட்பாடு, தொலைபேசிப் போக்குவரத்துப் பொறியியல் ஆகிய இரு துறைகளுக்கும் அடித்தளம் இட்டார். இவருடைய வாய்பாடுகள் இன்று தொலைபேசித் துறையைக் கடந்து, மருத்துவமனைகளில் நோயாளர் காத்திருப்பு நேரத்தைக் கணிக்கவும், தேவைப்படும் படுக்கைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கவும் பயன்படுகின்றன.

பிறப்பும் இளமையும்

எர்லாங் டென்மார்க்கின் யூட்லாந்து பகுதியில், தார்ம் என்னும் ஊருக்கு அருகிலுள்ள லென்போர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஆன்சு நீல்சன் எர்லாங், அவ்வூர்ப் பள்ளியின் ஆசிரியர். தேவாலயத்தின் எழுத்தராகவும் பணியாற்றினார். தாய் மேக்டலீன் கிராரப், சமயகுருமார் பலரைக் கொண்ட குடும்பத்தில் வந்தவர். தாய்வழி முன்னோருள் ஒருவர் தோமசு ஃபின்கே என்ற கணிதவியலாளர் ஆவார். முக்கோணவியலில் வழங்கும் தொடுகோட்டு, வெட்டுக்கோட்டுச் சார்புகளுக்கு இன்றும் ஐரோப்பிய மொழிகளில் நிலைத்துள்ள பெயர்களை 1583 இல் தமது நூலில் அறிமுகப்படுத்தியவர் இவரே.

எர்லாங்குக்கு ஓர் அண்ணனும் இரு தங்கையரும் இருந்தனர். தொடக்கக் கல்வியைத் தந்தையின் பள்ளியிலேயே பெற்றார். மாலை வேளைகளில் அண்ணன் ஃபிரெடரிக் ஒரு நூலை விரித்துப் படிக்கும்போது, எதிரே அமர்ந்து அதே நூலைத் தலைகீழாகவே படிக்கும் பழக்கம் இவருக்கு இருந்தது. சிறுவயதில் வானியலில் பெரும் ஈடுபாடு கொண்டு, அது பற்றிச் செய்யுள்களும் இயற்றினார்.

14 ஆவது வயதில் கோபனேகன் பல்கலைக்கழகத்தின் முன்தகுதித் தேர்வை எழுதிச் சிறப்பு நிலையில் தேறினார். தேர்வுக்குரிய குறைந்த வயதை எட்டாதிருந்தமையால் இதற்குத் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. பின்னர் ஊர் திரும்பி இரண்டாண்டுகள் தந்தையின் பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்தார். இக்காலத்தில் பிரெஞ்சு, இலத்தீன் ஆகிய மொழிகளைக் கற்றார். குடும்பத்தின் பொருள்நிலை மேற்படிப்புக்கு இடந்தரவில்லை. ஆயினும் தூரத்து உறவினர் ஒருவர் இல்லெரோட் நகரில் உணவும் உறைவிடமும் அளித்து உதவினார். அங்கிருந்த பள்ளியில் பயின்று 1896 இல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் சிறப்பாகத் தேறி, உதவித்தொகையும் பெற்றார்.

கோபனேகன் பல்கலைக்கழகத்தில் கணிதத்தை முதன்மைப் பாடமாகவும் வானியல், இயற்பியல், வேதியியல் ஆகியவற்றைத் துணைப் பாடங்களாகவும் கற்று, 1901 இல் முதுகலைப் பட்டம் பெற்றார். வடிவவியலறிஞர் சூதன், யூல் ஆகிய பேராசிரியர்களின் தாக்கம் இவரிடம் நெடுங்காலம் நிலைத்திருந்தது.

ஆசிரியப் பணி

பட்டம் பெற்ற பின் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் எர்லாங் பல பள்ளிகளில் ஆசிரியராகப் பணிபுரிந்தார். இக்காலத்திலும் கணித ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. நுண்கணிதச் சிக்கல்களுக்கு ஐகன்சு கண்ட தீர்வுகள் பற்றிக் கோபனேகன் பல்கலைக்கழகம் அறிவித்த பரிசுப் போட்டிக்குக் கட்டுரை எழுதி, 1904 இல் சிறப்புப் பெற்றார்.

டேனியக் கணிதவியலாளர் சங்கத்தின் கூட்டங்களுக்கு இவர் தவறாமல் சென்று வந்தார். அங்கேதான் யோகான் யென்சனுடன் நட்பு ஏற்பட்டது. குவிவுச் சார்புகள் பற்றிய யென்சன் சமனிலியால் அறியப்படும் இவர், பல்கலைக்கழகப் பதவி எதையும் வகித்தவர் அல்லர்; கோபனேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்து, ஓய்வு நேரத்தில் கணிதம் செய்தவர். யென்சன், நிறுவனத்தின் மேலாண் இயக்குநர் யோகான்செனுக்கு எர்லாங்கை அறிமுகப்படுத்தினார். தொலைபேசிச் சேவையில் நிகழ்தகவுக் கணிதத்தைப் பயன்படுத்த முடியும் என யோகான்சென் முன்பே கருதி, காத்திருப்பு நேரம் பற்றித் தாமும் எழுதியிருந்தார். 1908 இல் எர்லாங் அந்நிறுவனத்தில் அறிவியல் பணியாளராகவும் பின்னர் அதன் ஆய்வுக்கூடத் தலைவராகவும் சேர்ந்தார்.

தொலைபேசி நிறுவனத்தில்

அக்காலத் தொலைபேசி இணைப்பகங்களில் ஓர் அழைப்பு வந்தால், இயக்குநர் ஒருவர் அதனைக் கையால் இணைத்துவிட வேண்டும். எல்லா இயக்குநர்களும் வேறு அழைப்புகளில் ஈடுபட்டிருந்தால் அழைப்பவர் காத்திருக்க வேண்டும். இரண்டு இணைப்பகங்களுக்கு இடையிலுள்ள கம்பிகள் அனைத்தும் பயன்பாட்டில் இருந்தால் அழைப்பு திரும்பிவிடும். கம்பிகளை அதிகமாக்கினால் செலவு பெருகும். குறைத்தால் சந்தாதாரர்கள் இணைப்புக் கிடைக்காது அல்லலுறுவர். எத்தனை கம்பிகள், எத்தனை இயக்குநர்கள் இருந்தால் போதும் என்பதே நிறுவனத்தின் கேள்வியாக இருந்தது.

1909 இல் எர்லாங் இது பற்றிய தமது முதல் கட்டுரையை டேனிய கணித இதழொன்றில் வெளியிட்டார். ஒன்றையொன்று சாராமல் தற்செயலாக வரும் அழைப்புகளின் எண்ணிக்கை புவாசோன் பரவலைப் பின்பற்றும் என்று அதில் நிறுவினார். ஒவ்வோர் உரையாடலும் ஒரே அளவு நேரம் எடுக்கும் எனக் கொண்டால் காத்திருப்பு நேரம் எவ்வாறு அமையும் என்றும் காட்டினார். வரிசைக் கோட்பாடு என்னும் துறையின் தொடக்கமாக இக்கட்டுரை கருதப்படுகிறது.

இவருடைய பணிகளுள் தலையாயது 1917 இல் வெளிவந்தது. தன்னியக்க இணைப்பகங்களை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட இக்கட்டுரையில் இரண்டு வாய்பாடுகள் இடம்பெற்றன. முதலாவது இழப்பு வாய்பாடு. எல்லாக் கம்பிகளும் நிரம்பியிருப்பதால் அழைப்பு திரும்புவதற்கான நிகழ்தகவை அது தருகிறது. இரண்டாவது காத்திருப்பு வாய்பாடு. திரும்பாமல் வரிசையில் நிற்கும் அழைப்பு காத்திருக்க நேரிடுவதற்கான நிகழ்தகவை அது தருகிறது. ஓர் அமைப்பு நீண்ட நேரம் இயங்கிய பின்னர், ஒரு நிலையிலிருந்து வெளியேறும் வீதமும் அந்நிலைக்கு வந்துசேரும் வீதமும் சமமாகும் என்ற புள்ளியியல் சமநிலைக் கருத்தே இவ்விரண்டுக்கும் அடிப்படை. பிரித்தானிய அஞ்சல் துறை தனது தொலைபேசி வசதிகளைத் திட்டமிட இவ்வாய்பாட்டை ஏற்றுக்கொண்டது. இக்கட்டுரை ஆங்கிலம், பிரெஞ்சு, செருமன் ஆகிய மொழிகளில் பெயர்க்கப்பட்டது. எர்லாங்கின் கட்டுரைகளை மூலத்திலேயே படிப்பதற்காக அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூட ஆய்வாளர் ஒருவர் டேனிய மொழியைக் கற்றார் என்பது குறிப்பிடத்தக்கது.

எர்லாங்கின் பணி மேசையோடு நின்றுவிடவில்லை. தெருத் தொடர்வண்டிகளின் மின்னோட்டம் நிலத்தில் கசிந்து, புதைக்கப்பட்ட ஈய உறைத் தொலைபேசி வடங்களை அரித்து வந்தது. இதனை அளவிட இவரே கோபனேகன் தெருக்களிலுள்ள ஆள்நுழைகுழிகளில் இறங்கினார். தொடக்கத்தில் ஆய்வுக்கூடத்தில் இவருக்கு உதவியாளர் எவரும் இல்லை. ஏணியைச் சுமந்துவரும் தொழிலாளி ஒருவருடன் இவர் தெருக்களில் நடந்து செல்வது நகரில் பழகிய காட்சியாக இருந்தது. மாறுதிசை மின்னோட்டத்தை அளவிடும் கருவியொன்றையும் இவர் வடிவமைத்தார். எண்களைக் கையாலேயே கணக்கிட வேண்டியிருந்த அக்காலத்தில் நான்கு இலக்க மடக்கை அட்டவணைகளையும் வெளியிட்டார்.

தனி வாழ்க்கை

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. கணிதம், வானியல், இயற்பியல் நூல்கள் நிறைந்த பெரிய நூலகம் ஒன்றைச் சேர்த்து வைத்திருந்தார். கூட்டங்களில் அதிகம் பேசாது கேட்டுக்கொண்டிருப்பதையே விரும்பினார். எழுத்திலும் சுருக்கமே இவரது இயல்பு. சில முடிவுகளை நிறுவல் இன்றியே தந்துவிட்டார். அவற்றை நிறுவும் வேலை பின்வந்தோருக்கு எஞ்சியது. ஏழைகளுக்கு வெளியில் தெரியாமல் உதவி வந்தார். உதவி நாடி இவரது ஆய்வுக்கூடத்துக்கே வந்து சென்றவர்கள் பலர்.

தொலைபேசி நிறுவனத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் பணியாற்றிய இவர், அக்காலம் முழுவதும் உடல்நலக் குறைவால் விடுப்பு எடுத்ததில்லை. 1929 சனவரியில் வயிற்று நோய் கண்டு அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பெப்ரவரி 3, 1929 அன்று, 51 ஆவது வயதில் கோபனேகனில் காலமானார்.

தொலைபேசியிலிருந்து மருத்துவமனைக்கு

எர்லாங் மருத்துவமனைகளைப் பற்றி ஆராய்ந்தவர் அல்லர். எனினும் அவருடைய கணிதத்தில் தொலைபேசிக்கு மட்டும் உரியது என்று எதுவும் இல்லை. அழைப்புக்குப் பதில் நோயாளர், கம்பிக்குப் பதில் படுக்கை, உரையாடல் நேரத்துக்குப் பதில் சிகிச்சைக் காலம் என்று கொண்டால் வாய்பாடுகள் மாறாமல் பொருந்துகின்றன. இடமில்லை என்று நோயாளர் வேறு மருத்துவமனைக்கு அனுப்பப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இழப்பு வாய்பாடும், நோயாளர் வரிசையில் காத்திருக்கும் வெளிநோயாளர் பிரிவுக்குக் காத்திருப்பு வாய்பாடும் ஏற்றவை.

இழப்பு வாய்பாட்டின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 2 நோயாளர் வருகின்றனர். ஒவ்வொருவரும் சராசரியாக 3 நாட்கள் தங்குகின்றனர் என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் சுமை 6 ஆகும். ஆகவே 6 படுக்கைகள் போதும் என்று தோன்றும். ஆனால் எர்லாங் வாய்பாட்டின்படி, 6 படுக்கைகள் இருந்தால் வருவோரில் ஏறத்தாழ 26.5 விழுக்காட்டினருக்கு இடம் கிடைக்காது. அதே வேளையில் படுக்கைகளில் சராசரியாக 73.5 விழுக்காடே நிரம்பியிருக்கும். நான்கில் ஒருவருக்கு மேல் திருப்பி அனுப்பப்படும் பிரிவில், கால் பங்கு படுக்கைகள் சராசரியாகக் காலியாக இருக்கின்றன என்பது முரணாகத் தோன்றலாம். நோயாளர் சீரான இடைவெளியில் வருவதில்லை என்பதே இதன் காரணம். சில நாட்களில் ஒருவரும் வருவதில்லை. சில நாட்களில் ஐவர் வருகின்றனர். காலியாகக் கழிந்த நாளின் படுக்கையை நெரிசலான நாளுக்குச் சேமித்து வைக்க இயலாது.

படுக்கைகளை 8 ஆக உயர்த்தினால் இடம் கிடைக்காதோர் 12.2 விழுக்காடாகவும், 10 ஆக உயர்த்தினால் 4.3 விழுக்காடாகவும் குறைவர். 10 படுக்கைகள் உள்ளபோது அவற்றில் சராசரியாக 57 விழுக்காடே நிரம்பியிருக்கும். எல்லாப் படுக்கைகளும் எப்போதும் நிரம்பியிருப்பதைத் திறமையான நிருவாகத்தின் அடையாளமாகக் கொள்வது அவசர சிகிச்சையைப் பொறுத்தவரை தவறு என்பது இதிலிருந்து விளங்கும். காலியான படுக்கை வீணான படுக்கை அன்று. அடுத்து வரும் நோயாளருக்கான காப்பு ஆகும்.

இதே வாய்பாடு இன்னொரு பாடத்தையும் தருகிறது. தலா 6 சுமையும் 8 படுக்கைகளும் கொண்ட இரண்டு பிரிவுகள் தனித்தனியே இயங்கினால், ஒவ்வொன்றிலும் 12.2 விழுக்காட்டினருக்கு இடம் இல்லாமற் போகும். இரண்டையும் இணைத்து 16 படுக்கைகள் கொண்ட ஒரே பிரிவாக்கினால் இது ஏறத்தாழ 6 விழுக்காடாகக் குறைகிறது. புதிதாக ஒரு படுக்கையும் சேர்க்காமலே பாதி இழப்பைத் தவிர்க்க முடிகிறது. ஒரு பிரிவில் நெரிசல் உள்ளபோது மற்றதில் இடமிருக்கக் கூடும் என்பதே இதற்குக் காரணம்.

சிகிச்சைக் காலங்கள் எந்தப் பரவலைப் பின்பற்றினாலும், அவற்றின் சராசரி மாறாத வரை இழப்பு வாய்பாடு பொருந்தும் என்பது இதன் மற்றொரு சிறப்பு. இதற்குப் பொதுவான நிறுவலை உருசியக் கணிதவியலாளர் செவசுத்தியானோவ் 1957 இல் வெளியிட்டார். ஒருவர் ஒரு நாளும் மற்றொருவர் ஒரு மாதமும் தங்கும் மருத்துவமனைக்கு இப்பண்பு மிகவும் வேண்டியதாகும்.

காத்திருப்பு நேரம்

வெளிநோயாளர் பிரிவில் ஒரே மருத்துவர் ஒவ்வொரு நோயாளரையும் சராசரியாக 6 நிமிடம் பார்க்கிறார் என்று கொள்வோம். அவரால் மணிக்கு 10 பேரைப் பார்க்க இயலும். நோயாளர் தற்செயலாக வந்து, பார்வை நேரமும் அடுக்குக்குறிப் பரவலின்படி மாறுபடுமானால், சராசரிக் காத்திருப்பு கீழ்க்கண்டவாறு அமைகிறது.

மணிக்கு 8 பேர் வந்தால்: 24 நிமிடம்
மணிக்கு 9 பேர் வந்தால்: 54 நிமிடம்
மணிக்கு 9.5 பேர் வந்தால்: 114 நிமிடம்

வருகை 8 இலிருந்து 9 ஆகும்போது கூடுவது எட்டில் ஒரு பங்கே. காத்திருப்போ இரண்டு மடங்குக்கு மேல் உயர்கிறது. மருத்துவரின் நேரம் முழுவதும் நிரம்பும் நிலையை நெருங்க நெருங்க, வரிசை எல்லையின்றி நீள்கிறது. ஆகவே நீண்ட வரிசைக்கு மருத்துவரின் சோம்பலோ நோயாளரின் ஒழுங்கின்மையோ காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஏற்பும் வருகையும் ஏறத்தாழ சமமாகத் திட்டமிடப்பட்டிருப்பதே போதிய காரணம்.

எர்லாங் 1909 இல் ஆராய்ந்தது போல ஒவ்வொரு பார்வையும் சரியாக 6 நிமிடமே எடுத்தால், மேற்கண்ட காத்திருப்பு நேரங்கள் சரிபாதியாகக் குறையும். பார்வை நேரங்களின் ஏற்ற இறக்கமும் காத்திருப்பைக் கூட்டுகிறது என்பதை இது காட்டுகிறது. இத்தொடர்பை எந்தப் பரவலுக்கும் பொருந்தும் வகையில் பொல்லாச்செக் 1930 இலும், கின்சின் 1932 இலும் விரிவுபடுத்தினர்.

வரிசைகளை இணைப்பதன் பயன் இங்கும் உண்டு. இரு மருத்துவர்களுக்குத் தனித்தனி வரிசைகள் இருந்து, ஒவ்வொன்றிலும் மணிக்கு 9 பேர் வந்தால் சராசரிக் காத்திருப்பு 54 நிமிடம். அதே 18 பேரும் ஒரே வரிசையில் நின்று, முதலில் ஓய்வாகும் மருத்துவரிடம் சென்றால், எர்லாங்கின் காத்திருப்பு வாய்பாட்டின்படி அது ஏறத்தாழ 26 நிமிடமாகும்.

பதிவு, பரிசோதனை, மருந்துச்சீட்டு எழுதுதல் என அடுத்தடுத்த கட்டங்களைக் கொண்ட பணியின் மொத்த நேரத்தை விவரிக்க, எர்லாங் பரவல் என்று இன்று அழைக்கப்படும் நிகழ்தகவுப் பரவல் பயன்படுகிறது. ஒரே சராசரி கொண்ட பல அடுக்குக்குறிப் பரவல் நேரங்களின் கூட்டலே இப்பரவலாகும்.

வரையறைகள்

எர்லாங்கின் வாய்பாடுகள் எல்லா மருத்துவமனைச் சூழலுக்கும் நேரடியாகப் பொருந்துவன அல்ல. அவசர சிகிச்சைக்கு வருவோர் பெரும்பாலும் தற்செயலாகவே வருவதால், அங்கு புவாசோன் பரவல் ஓரளவு நன்கு பொருந்துகிறது. ஆனால் வெளிநோயாளர் பிரிவு காலையில் வெறுமையாகத் தொடங்கிச் சில மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. நெடுநேரம் இயங்கிச் சமநிலை எய்தும் வாய்ப்பு அதற்கு இல்லை. முன்பதிவு முறை உள்ள இடங்களில் வருகை தற்செயலானதும் அன்று.

இச்சிக்கலை பிரித்தானியப் புள்ளியியலாளர் நார்மன் பெய்லி 1952 இல் ஆராய்ந்தார். மருத்துவர் ஒரு நிமிடமும் வீணாக இருக்கக் கூடாது என்று கருதி நோயாளரை முன்கூட்டியே வரவழைப்பதால், நோயாளர் தரப்பில் பல மடங்கு நேரம் வீணாவதை அவர் காட்டினார். மருத்துவர் தொடங்கும்போது இருவர் இருக்குமாறும், அதன்பின் சராசரிப் பார்வை நேர இடைவெளியில் ஒவ்வொருவராக வருமாறும் நேரம் ஒதுக்கலாம் என்பது அவரது பரிந்துரை. மருத்துவமனைக் காத்திருப்பு பற்றிய ஆய்வுகளுக்கு இது முன்னோடியாக அமைந்தது. வாய்பாடுகள் பொருந்தாத இத்தகைய சூழல்களில் இக்காலத்தில் கணினிப் பாவனை முறைகள் கையாளப்படுகின்றன.

நினைவும் சிறப்புகளும்

1946 இல் பன்னாட்டுத் தொலைபேசி ஆலோசனைக் குழு, தொலைபேசிப் போக்குவரத்துச் சுமையின் அலகுக்கு எர்லாங் என்று பெயர் சூட்டியது. ஒரு கம்பி இடைவிடாமல் பயன்பாட்டில் இருந்தால் அது 1 எர்லாங் சுமை ஆகும். மேற்கண்ட தீவிர சிகிச்சைப் பிரிவின் சுமையையும் 6 எர்லாங் என்றே குறிப்பிடலாம். 1948 இல் இவருடைய வாழ்க்கையையும் கட்டுரைகளின் ஆங்கில வடிவங்களையும் கொண்ட நூல் கோபனேகனில் வெளியிடப்பட்டது.

எரிக்சன் நிறுவனத்தில் 1986 முதல் யோ ஆம்சுட்ராங் முதலானோர் உருவாக்கிய நிரல்மொழிக்கும் எர்லாங் என்ற பெயர் இடப்பட்டது. தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவான அம்மொழி 1998 இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. தமிழ்நாட்டில், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2008, 2013 ஆம் ஆண்டுப் பாடத்திட்டங்களில் கணினிப் பொறியியல் மாணவர்களுக்கு நிகழ்தகவும் வரிசைக் கோட்பாடும் என்பது ஒரு தனிப்பாடமாக அமைந்திருந்தது. தொலைபேசி இயக்குநர்கள் கையால் இணைப்புக் கொடுத்த முறை மறைந்துவிட்ட போதிலும், அதற்காக எர்லாங் வகுத்த வாய்பாடுகள் அழைப்பு மையங்கள், கணினி வலையமைப்புகள், மருத்துவமனைகள் எனக் காத்திருப்பு உள்ள இடங்களிலெல்லாம் பயன்பட்டு வருகின்றன.